தூங்கும்போது காயும் கை

நான் விஷம் குடிக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் இன்னமும் குடித்தேன் என்றுதான் பேசுகிறார்கள். மீதிப் பேர் நான் கடந்து போன பிறகு அதையே பேசுகிறார்கள். அவர்கள் வாயை மூட எனக்குத் தெம்பில்லை. ஆனால் என்னைப் போல உள்ளங்கை வேர்க்கிற ஒருவன் எங்கேயாவது ஒரு பருத்திக் கொல்லையில் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு நிற்பான். அவனுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

என் பெயர் ஏழுமலை. சின்னசேலத்துக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் ஒரு ஊர். மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பருத்தி போடுவேன், மரவள்ளி போடுவேன். எனக்குப் பிறந்ததிலிருந்து கை வேர்க்கும். வெயிலுக்கு வேர்ப்பது எல்லோருக்கும் உண்டு. எனக்கு மார்கழிக் குளிரிலும் உள்ளங்கையிலிருந்து சொட்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளின்மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்துத்தான் எழுதினேன். அப்படியும் மை கலைந்து, திருத்துகிறவர் என்ன படித்தாரோ தெரியாது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் என்னை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஊரில் எனக்கு ‘ஊத்து’ என்றுதான் பெயர். ஊத்து வரான், துண்டு எடுத்து வை என்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சிரிக்கிறவனுக்கு வலிக்காது என்று அவர்களுக்கு நினைப்பு.

கல்யாணத்தில் தாலி கட்டும்போது முடிச்சு என் கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே போனது. என் அக்கா பொறுமையிழந்து பிடுங்கி மூன்று முடிச்சையும் போட்டாள். என் மனைவி செல்வி இன்றைக்கும், “எனக்குத் தாலி கட்டினது உங்க அக்காதான்” என்பாள். அவள் சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வராது.

பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கும்போதுதான் கை பெரிய தொல்லை. தெளிக்கிற குழாய் வழுக்கிக்கொண்டு போகும். ரப்பர் கையுறை போட்டால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே குளம் கட்டிவிடும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். செல்வி தன் பழைய நூல் புடவையைப் பட்டையாகக் கிழித்துக் கொடுப்பாள். அதை இரண்டு உள்ளங்கையிலும் இறுக்கிச் சுற்றிக்கொள்வேன். துணி வேர்வையை இழுத்துக்கொள்ளும், பிடி நிற்கும். பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக மற்றவர்களிடம் காட்டிக்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணி வேர்வையை மட்டும் இழுக்கவில்லை. கலக்கும்போது வழிந்த மருந்தையும் இழுத்து, காலையிலிருந்து உச்சிவரை என் ஈரத் தோலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. வறண்ட தோலைவிட ஈரத்தோல் மருந்தை ஜாஸ்தியாக உறிஞ்சும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். யாருக்குத் தெரியும்?

அந்த முறை பருத்தியில் பூச்சி அதிகம். அடுத்தடுத்த நாட்களில் அடித்தேன். எனக்கு வழக்கத்தைவிட வேர்த்தது. கை மட்டுமில்லை, முதுகு, நெற்றி, கழுத்து எல்லாம். விடிகாலையில் எழுந்தால் தலையணை நனைந்திருந்தது. செல்வி தலையணையைத் தொட்டுப் பார்த்து, “இன்னாங்க, தலைவாணி எல்லாம் தொப்பலா இருக்குது?” என்றாள். “எனக்கு வேர்க்கறது புதுசா?” என்றேன். அவளும் விட்டுவிட்டாள். வேறு ஆளுக்கு இப்படி வேர்த்திருந்தால் வீட்டில் பதறியிருப்பார்கள். எனக்கு என்பதால் யாரும் பதறவில்லை, நானே பதறவில்லை.

மறுநாள் காலை எங்களுக்குள் ஒரு சண்டை. மகள் கவிதாவுக்கு ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. சபையில் நான் தட்டு மாற்ற வேண்டும். சம்பந்தி கையைத் தொட வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். என் அண்ணன் மாற்றட்டும், நான் ஓரமாக நிற்கிறேன் என்றேன்.

“பெத்தவரு நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உங்க அண்ணன் எதுக்குங்க மாத்தணும்? அவங்க இன்னா நெனப்பாங்க?”

“நான் செத்துட்டேன்னு வெச்சிக்க” என்று சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த கைத்துணியை எடுத்துக்கொண்டு மருந்தடிக்கப் போய்விட்டேன்.

எரிச்சலில் யாரும் சொல்கிற பேச்சுதான். நான் சொன்ன அன்றைக்கே விழ வேண்டுமா?

உச்சி வெயிலில் கண் மங்கியது. பருத்திச் செடி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பத் துப்ப ஊறியது. நெஞ்சை யாரோ மேலே ஏறி உட்கார்ந்து அழுத்துவது போல இருந்தது. தோளிலும் தொடையிலும் தசை தானாகத் துடித்தது. மோட்டார் கொட்டாய் நிழலில் போய் உட்கார்ந்தேன். அடுத்த தடவைக்குக் கலக்க வைத்திருந்த பாட்டில் பக்கத்தில் இருந்தது. அது எப்படிச் சாய்ந்தது என்று எனக்குத் தெரியாது. என் அண்ணன் வந்து பார்த்தபோது நான் வாயில் நுரையோடு கிடந்தேன், பாட்டில் மூடி திறந்து கிடந்தது. பார்க்கிறவன் வேறென்ன நினைப்பான்? அண்ணனை இதில் நான் குறை சொல்லவில்லை. மற்றதில் சொல்வேன்.

கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு அரைகுறையாகத்தான் நினைவு. தூக்கிப்போட்ட தள்ளுவண்டி, ஓடுகிற மின்விசிறிகள், ஒரே கேள்வி.

“இன்னா குடிச்ச? எவ்ளோ குடிச்ச?”

எங்கள் பக்கத்து ஆள் வாயில் நுரையோடு வந்தால் அதுதான் முதல் கேள்வி. ஒன்று சாராயம், இல்லை பூச்சி மருந்து. நான் இல்லை என்று தலையை ஆட்டினேனாம். குடித்தவர்களும் அப்படித்தான் ஆட்டுவார்களாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். உடுப்பை எல்லாம் உருவி, உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவினார்கள். உருவிய உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிச் செல்வி கையில் கொடுத்தார்கள். மூச்சு நின்று போகிற மாதிரி ஆனதும் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போட்டார்கள். நான் அதற்குப் பிறகு பேசவில்லை.

பேச முடியாமல் கிடந்தபோதுதான் எனக்காக எல்லோரும் பேசினார்கள். அண்ணன் வராந்தாவில் நின்று, “காலைல இவ எதுவோ சொல்லிக்கிறா. அவன் செத்துட்டேன்னு வெச்சிக்கன்னு சொல்லிட்டுத்தான் போயிக்கிறான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். அந்த வார்த்தையை அவனுக்குச் சொன்னதே செல்விதான், பயத்தில் அழுதுகொண்டே சொன்னாள். போலீஸ்காரர் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். வீட்டில் என்ன தகராறு என்று கேட்டார். தட்டு மாற்றுகிற தகராறு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்கு ஏற்றியது அட்ரோபின் என்ற மருந்து. டாக்டர் ஒரு பெண், கவிதாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அவர் பின்னால் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். வேர்வைச் சுரப்பிக்கு நரம்பு ஒரு ரசாயனம் மூலமாகத்தான் உத்தரவு அனுப்பும். உத்தரவு போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்து எடுக்க உடம்பிலேயே ஒரு பொருள் உண்டு. பூச்சி மருந்து அந்தத் துடைக்கிற பொருளை முடக்கிவிடும். அப்புறம் திறந்த குழாயை மூட ஆளில்லை. வேர்வை, எச்சில், கண்ணீர், நெஞ்சுக்குள் சளி, எல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்கும். உள்ளேயே மூழ்கிச் சாக வேண்டியதுதான். அட்ரோபின் அந்த உத்தரவு சுரப்பிக்குப் போய்ச் சேராமல் தடுக்கும். அதனால்தான் நர்ஸ்கள் அடிக்கடி வந்து என் அக்குளில் கை வைத்துப் பார்த்தார்கள். அக்குள் காய்ந்தால் மருந்து போதும், ஈரமானால் பத்தாது.

என் கையும் காய்ந்தது. எனக்கு நினைவு தெரிந்து விழித்திருக்கும்போது என் உள்ளங்கை காய்ந்தது அப்போதுதான். அந்த மருந்து கொஞ்சம் புத்தியையும் கலக்கும். பருத்திப் புழு ஊர்வதாக நான் படுக்கை விரிப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தேனாம். செல்வியை உள்ளே விட்டார்கள். அவள் என் கையை எடுத்தவள் உடனே கீழே வைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: “யாரோ ஒருத்தரு கையாட்டம் இருந்துச்சிங்க. செத்துப் பூட்டீங்கன்னு நெனச்சேன்.”

குழாயை எடுத்த அன்று என் தொண்டையில் குரலே இல்லை. அவள் என் காதருகே குனிந்தாள்.

“ஏங்க இப்டிப் பண்ணிக்கினீங்க? நான் அப்டி இன்னா சொல்லிட்டேன்?”

ஊர் நம்பாதது எனக்குப் பெரிதில்லை. இவளும் நம்பிவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது. “குடிக்கல” என்று காற்றாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் நெற்றியைத் துடைத்தாள். காய்ச்சல்காரன் பிதற்றலுக்குத் தலையாட்டுவார்களே, அது மாதிரி.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒருவர். சாமை, தினை போடுகிறவர். அவர் நிஜமாகவே குடித்தவர். மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுவரவே நேரம் போயிருந்தது. அவர் மனைவி அதிகம் பேசாத பொம்பளை. வாசலில் விற்கிற இட்லிப் பொட்டலத்தை வாங்கினால் பாதியைச் செல்விக்குக் கொடுத்துவிடுவாள். செல்வி என்னிடம் கேட்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

“தங்கச்சி, கேக்காத” என்று அவள் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. “நானும் கேட்டுக்கினே இருந்தேன். அவரு மூஞ்சத் திருப்பிக்கினாரு. பொழைச்சி எழுந்தா போதும், கேக்காத.”

அன்றோடு செல்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டதைவிடக் கேட்காமல் இருந்தது எனக்கு வலித்தது. கேட்டால் இல்லை என்று சொல்லலாம். கேட்காதவளிடம் என்ன சொல்வது?

அட்ரோபினைக் குறைக்கத் தொடங்கினார்கள். குறைத்ததும் என் உள்ளங்கையில் வேர்வை துளிர்த்தது. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். விஷம் திரும்புகிறதோ என்று அவர்களுக்குச் சந்தேகம். மறுபடி ஏற்றினால் எனக்குப் புத்தி இன்னும் கலங்கும், ஏற்றாமல் விட்டு அது விஷமாக இருந்தால் மூச்சு நிற்கும். டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செல்வி தயங்கித் தயங்கி, “அவருக்கு எப்பவுமே கை வேர்க்குங்க மேடம். சின்ன வயசுலேருந்து” என்றாள்.

“ரெண்டு கையும் ஒரே மாதிரியா?”

“ஆமாங்க. காலும்.”

“தூங்கும்போது?”

செல்வி யோசிக்கவே இல்லை. “தூங்கறப்போ வேர்க்காதுங்க. நல்லாக் காஞ்சி கெடக்கும்.”

டாக்டர் மருந்தைக் கூட்டாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானச் சோற்று நேரம். நான் கண்ணயர்ந்தேன். நான் தூங்கியதும் அவர் என் உள்ளங்கையைத் தொட்டிருக்கிறார், அக்குளைத் தொட்டிருக்கிறார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டிருக்கிறார். எல்லாம் காய்ந்திருந்தது, நெஞ்சும் சுத்தமாக இருந்தது. விழித்ததும் கை மட்டும் நனைந்தது.

“இது விஷம் இல்ல, இவரோட சொந்த வேர்வை” என்றார். பிறகு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சின்ன வயதிலிருந்து, இரண்டு பக்கமும், விழித்திருக்கும்போது மட்டும் வேர்த்தால் அது பிறவி வாகு. சுரப்பியில் கோளாறில்லை, நரம்பு தேவையில்லாமல் உத்தரவு போடுகிறது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் திடீரென்று ஆரம்பித்தால், உடம்பு முழுக்க வேர்த்தால், தூக்கத்தில் தலையணை நனைந்தால், அது வேறு. தைராய்டாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம், விஷமாக இருக்கலாம். உடனே போய்க் காட்ட வேண்டும்.

தலையணை என்றதும் செல்வி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

“மேடம், இவரு விழறதுக்கு முன்னாடி நாளே தலைவாணி நனைஞ்சிருந்துதுங்க” என்றாள்.

டாக்டர் என் கையை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளங்கையில் தோல் வெந்த மாதிரி உரிந்திருந்தது, குறுக்கே பட்டை பட்டையாக. “மருந்து அடிக்கும்போது கைல என்ன கட்டியிருந்தீங்க?”

“துணி” என்றேன். அது எல்லோருக்கும் கேட்டது.

“அந்தத் துணி எங்க?”

செல்வி கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை இழுத்தாள். வந்த அன்று கொடுத்த பை. அதைத் தொலைத்தால் போலீஸ் கேட்பார்களோ என்று பயந்து பத்திரமாக வைத்திருந்தாள். வராந்தாத் தரையில் அதைத்தான் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் “கீழ வைம்மா!” என்று போட்ட கத்தலில் வார்டே திரும்பியது. செல்வியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, தலையோடு குளித்துவிட்டு வரச் சொன்னார். பையின் முடிச்சு இறுகியிருந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குளித்து ஈரத்தலையோடு வந்தவள் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அண்ணன் பேசியபோதும் போலீஸ்காரர் கேட்டபோதும் சத்தம் வராமல் அழுதவள் அப்போது வாய்விட்டு அழுதாள்.

“நான் கிழிச்சிக் குடுத்த துணிங்க. நான்தாங்க கிழிச்சிக் குடுத்தேன்.”

நான் குடிக்கவில்லை என்று தெரிந்தால் அவள் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு பாரம் இறங்கி இன்னொன்று ஏறியது. சொல்லால் கொன்றேன் என்று இருந்தவள் புடவையால் கொன்றேன் என்று ஆகிவிட்டாள். என்னால் எழுந்து அவளைத் தொடக்கூட முடியவில்லை.

“தோல் வழியா போயிருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா குடிக்கவே இல்லன்னு என்னால எழுதித் தர முடியாது” என்று டாக்டர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அண்ணன் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டான். “பாத்தியா, குடிக்கலன்னு அவங்களே சொல்லல” என்றான். ரிஷிவந்தியத்துக்காரர்கள் பழத்தோடு வந்து பார்த்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பிறகு ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்த்ததாகவும் சரியில்லை என்றும் போனில் சொல்லிவிட்டார்கள். கவிதா என்னிடம், “விடுப்பா, நல்லதாப் போச்சி” என்றாள். நல்லதாகப் போனதென்று நினைக்கிறவர்கள் அப்படிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்க மாட்டார்கள்.

மலைக்காரர் பிழைக்கவில்லை. ஒரு காலையில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். அவர் மனைவி போகும்போது தண்ணீர்ச் செம்பைச் செல்வியிடம் கொடுத்தாள். “எனக்கு எதுக்கு, நீ வெச்சிக்க” என்றாள். அந்தச் செம்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. நாங்கள் அதில் குடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து தெம்பு கூடிய பிறகு, டாக்டர் சொன்னபடி கைக்குத் தோல் டாக்டரைப் பார்த்தேன். இதற்கு வைத்தியம் உண்டு என்பதே எனக்கு இத்தனை வயதுக்கு மேல்தான் தெரிகிறது. அலுமினியம் கலந்த ஒரு தைலம். படுக்கும்போது காய்ந்த கையில் தடவிக் காலையில் கழுவ வேண்டும். புண் ஆறாத கையில் போட்டேன், மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது. புண் ஆறியபின் ஓரளவு கேட்கிறது. தண்ணீர்த் தட்டில் கையை வைத்து லேசாகக் கரண்ட் விடுகிற ஒரு முறையும் இருக்கிறது, அதற்குச் சேலம் போய்ப் போய் வர வேண்டும். மாத்திரையும் உண்டு. ஆனால் அது உடம்பு முழுக்க வேர்வையை நிறுத்தும், வெயிலில் வேலை செய்கிறவனுக்கு உடம்பு சூடாறாமல் மயக்கம் வரும் என்று டாக்டர் எனக்குத் தரவில்லை. நரம்பை வெட்டுகிற ஆபரேஷன் செய்தால் கை வேர்ப்பது நிற்கும், ஆனால் அந்த வேர்வை முதுகுக்கும் வயிற்றுக்கும் போய்விடலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆக, கை வேர்க்கும். வேர்க்கிற கையோடு மருந்து அடிக்கக் கூடாது, எதையும் சுற்றிக்கொண்டு அடிக்கவே கூடாது. இதுதான் நான் சொல்ல வந்தது.

இங்கேயே முடித்திருக்கலாம்.

பருத்தி போடுவதை விட்டாயிற்று. மரவள்ளி மட்டும்தான். மீதியிருந்த மருந்துப் பாட்டில்களைச் செல்வி மோட்டார் கொட்டாயில் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில். தோல் வழியாகத்தான் போனது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். துணியைக் கிழித்தது நான் என்று அழுதவள். பிறகு சாவி எதற்கு? ஒருநாள் கேட்டே விட்டேன்.

“இன்னும் நீ என்ன நம்பலியா செல்வி?”

அவள் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். “நம்பறேங்க. நம்பிக்கினேதான் பூட்டறேன்.”

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் சற்றுப் படுப்பேன். அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வந்து என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் தூங்குகிறேன், உயிரோடு நன்றாக இருக்கிறேன் என்று போய்விடுவாள். இது தினமும் நடக்கிறது. அவள் நிம்மதிக்காகவாவது தூங்க வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். தூக்கம் வராது. அவள் காலடி கேட்டதுமே கை நனையத் தொடங்கிவிடும்.

நேற்றும் வந்தாள். விரலால் தொட்டாள். ஈரம். அவள் மூச்சு ஒரு நிமிஷம் நின்றது எனக்குத் தெரிந்தது.

“இன்னாங்க... முழிச்சிக்கினுதான இருக்கீங்க?”

“முழிச்சிக்கினுதான் இருக்கேன்” என்றேன்.

முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டு, அவள் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கை மறுபடியும் நனைந்துவிட்டது.